பள்ளித் தோழரின் இசைக்குழு: புகழுக்கு முன்னும் பின்னும்

வென்றவர்களின் பெயர்களையே சரித்திரம் பெரும்பாலும் பொறித்து வைக்கின்றது. இசையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றி உலகை ஆட்கொண்ட பீற்றில்ஸ் குழுவைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். அக்குழு எந்த விதையிலிருந்து முளைத்ததோ அந்தக் குவாரிமென் என்னும் பள்ளிச் சிறுவர் குழுவோ, அந்நூல்களின் முதல் அத்தியாயத்தோடு மறைந்துவிடுகின்றது. ஆயினும் அச்சிறுவர்களின் கதை அங்கு முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், நரைத்த தலையோடு அவர்கள் மீண்டும் கூடி வாசித்தார்கள். பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடும் ஒன்று மனித வாழ்வில் எத்துணை ஆழமாக வேர்விட வல்லது என்பதை உணர்த்துவதால், அக்கதையை நமது வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் அக்காலத்தின் நிலையை நோக்குவோம். இரண்டாம் உலகப் போரின் பின்னரும் பிரித்தானியாவில் நெடுங்காலம் உணவுப் பங்கீடு நிலவியது. அது முற்றாக நீங்கியது 1954 இல் தான். அதன்பின் உழைக்கும் மக்களின் இல்லங்களிலும் சிறிது காசு புழங்கத் தொடங்கியது. மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. பதினெட்டு வயதான இளைஞர் ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகள் இராணுவத்திற் பணியாற்ற வேண்டும் என்ற சட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 1957 இல் அரசாங்கம் அறிவித்தது. 1939 ஒக்ரோபர் முதலாந் திகதியும் அதன் பின்னரும் பிறந்தோருக்கு அக்கடமை இல்லாமற் போயிற்று. துப்பாக்கி ஏந்த வேண்டியிருந்த கைகளுக்குக் கிற்றார் ஏந்த அவகாசம் கிடைத்தது என்று கூறினும் மிகையாகாது.

அவகாசம் வந்தது, ஆனால் வாத்தியம் வாங்கப் பணம் வேண்டுமே! அந்தக் குறையைத் தீர்த்தது ‘ஸ்கிபிள்’ என்னும் இசை. 1934 இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலச் சிறையில் கறுப்பினக் கைதிகள் பாடப் பதிவு செய்யப்பட்ட புகையிரதப் பாடல் ஒன்றை லொனி டொனகன் என்ற பாடகர் பிரித்தானியாவிற் பாடி வெளியிட்டார். 1956 இன் தொடக்கத்தில் அது விற்பனைப் பட்டியலின் முதற் பத்து இடங்களுக்குள் புகுந்தது. ஒரு கிற்றாரும் மூன்று சுரக்கூட்டுகளும் தெரிந்தாற் போதும், எஞ்சியவற்றை வீட்டிலேயே தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் சிறுவரிடையே தீப்போலப் பரவியது. அம்மா துணி தோய்க்கும் நெளிநெளியான பலகையை, விரல்களில் தையல் உறைகளை மாட்டிக்கொண்டு உரசினால் அதுவே தாளவாத்தியம். வெறுமையான தேயிலைப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, அதில் ஒரு தும்புத்தடியை நிறுத்தி, தடியின் நுனிக்கும் பெட்டிக்கும் இடையே கயிறு கட்டி இழுத்து மீட்டினால் அதுவே அடித்தொனி எழுப்பும் நரம்பு வாத்தியம்.

இந்தத் தேயிலைப் பெட்டியைக் கடந்து செல்லத் தமிழ் வாசகருக்கு மனம் வராது. ஒட்டுப்பலகையால் ஆகித் தகர விளிம்பு பொருத்திய அப்பெட்டிகள் இலங்கையிலும் இந்தியாவிலும் தேயிலை நிரப்பப்பட்டுக் கப்பலேறி வந்தவை. இலங்கையின் தோட்டங்களிற் கொழுந்து கொய்த பெண்களோ பெரும்பாலும் மலையகத் தமிழர். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலானோர் தாம் உழைத்த மண்ணிலேயே நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். பிரித்தானியத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் முதல் வாத்தியத்தை ஆக்கிய பெட்டி, அத்தகைய உழைப்பைச் சுமந்து வந்தது என்பதும் சரித்திரமே.

இனி நமது குழுவுக்கு வருவோம். லிவர்பூலின் குவாரி பாங்க் உயர்தரப் பாடசாலையிற் கற்ற ஜோன் லெனன் 1956 இல் தம் தோழர்களைத் திரட்டினார். பாடசாலைக் கீதத்தில் வரும் சொல்லே குழுவின் பெயராயிற்று. கல்லுடைப்போர் என்பது அதன் பொருள். எரிக் கிரிபித்ஸ் கிற்றார், ரொட் டேவிஸ் பான்ஜோ, பீற் ஷொற்றன் தோய்க்கும் பலகை, லென் கரி தேயிலைப் பெட்டி, கொலின் ஹன்ரன் மேளம். இவர்கள் எல்லோரும் ஒரே பாடசாலையினர் அல்லர். லென் கரி வேறு பாடசாலையில் கற்றார். ஹன்ரன் மெத்தை இருக்கைகள் தைக்கும் தொழில் பயின்றுகொண்டிருந்தார். சங்கீத ஞானம் பார்த்து எவரும் சேர்க்கப்படவில்லை. தோழமையே அங்கு தகுதியாக இருந்தது. லெனனே தம் தாயார் கற்பித்தவாறு கிற்றாரைப் பான்ஜோவின் முறையிற் சுருதி கூட்டித்தான் வாசித்துவந்தார்.

1957 யூலை 6 ஆம் திகதி வூல்ரன் என்னும் பகுதியில் உள்ள புனித பேதுரு ஆலயத்தின் விழாவில் இச்சிறுவர்கள் வாசித்தனர். அன்று ஐவன் வோன் என்ற நண்பர் தம் வகுப்புத் தோழர் ஒருவரை அழைத்து வந்து லெனனுக்கு அறிமுகம் செய்துவைத்தார். வந்தவர் பதினைந்து வயதான போல் மக்கார்ட்னி. அவருக்குக் கிற்றாரைச் சரியாகச் சுருதி கூட்டத் தெரியும். பாடலின் சொற்கள் முழுவதும் மனப்பாடம். பதினாறு வயது லெனன் முன் இரண்டு வழிகள் இருந்தன. தம்மிலும் வல்லவரைச் சேர்த்துக் குழுவை உயர்த்தலாம். அல்லது தாமே தலைவராக, உள்ளபடியே இருந்துவிடலாம். அவர் முதலாவதைத் தேர்ந்தார். அத்தேர்வு இருபதாம் நூற்றாண்டின் இசையை மாற்றியது. ஆனால் அதே தேர்வு தோழர்களின் குழுவைச் சிறிது சிறிதாகக் கலைத்தும் விட்டது.

ரொக் இசைக்குப் பான்ஜோ பொருந்தவில்லை. ரொட் டேவிஸ் விலகிப் படிப்பில் மூழ்கினார். பாடுவதில் நாட்டமற்ற ஷொற்றனின் தலையில் லெனன் ஒருநாள் தோய்க்கும் பலகையை அடித்து உடைக்க, இருவரும் சிரித்தபடியே அவ்விவகாரம் முடிந்ததாம். 1958 இல் ஜோர்ஜ் ஹரிசன் வந்து சேர, எரிக் கிரிபித்ஸூக்கு இடமில்லாது போயிற்று. அவர் வணிகக் கப்பலிற் பணிக்குச் சென்றார். லென் கரி மூளைக்காய்ச்சலால் மாதக்கணக்கில் வைத்தியசாலையிற் கிடந்தார். ஹன்ரனோ ஒரு நிகழ்ச்சி முடிந்து பேருந்தில் திரும்புகையில் எழுந்த வாக்குவாதத்தின் பின் இறங்கிச் சென்றவர்தாம். பிறகு அக்குழுவோடு வாசிக்கவில்லை. 1960 இற்குள் பெயரும் மாறிப் பீற்றில்ஸ் ஆயிற்று.

ஆசிரியத் தொழிலில் இருந்தோர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிப்பர். லெனன் க.பொ.த. சாதாரண தரத்திற்கு ஒப்பான பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் தவறியவர். பாடசாலை அதிபர் வில்லியம் பொப்ஜோய் பரிந்துரைத்தமையாலேயே 1957 இல் ஓவியக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. தவறியவனிடமும் ஏதோ ஒன்று உண்டு என்று கண்ட அந்த அதிபரையும் நாம் மறத்தல் ஆகாது.

விலகிய தோழர்கள் உலகின் பார்வைக்கு அப்பால் தத்தம் வாழ்வை அமைத்துக்கொண்டனர். கிரிபித்ஸ் ஸ்கொட்லாந்தில் துணி வெளுக்கும் நிலையங்களை நடத்தினார். ஷொற்றன் உணவுச்சாலைகளை நிறுவினார். ஹன்ரன் தம் கைத்தொழிலைத் தொடர்ந்தார். ரொட் டேவிஸ் நாட்டார் இசையைப் பொழுதுபோக்காகக் கைவிடாது பேணினார். இதற்கிடையில் 1980 டிசெம்பர் 8 ஆம் திகதி நியூயோர்க்கில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐவன் வோன் 1993 இற் காலமானார்.

1997 ஜனவரியில் லிவர்பூலின் கவேர்ன் இசைக்கூடம் தன் நாற்பதாவது ஆண்டைக் கொண்டாடிய வேளையிற் பழைய தோழர் ஐவரும் ஒன்று கூடினர். கைகள் வாத்தியங்களைத் தேடின. அதே ஆண்டு யூலையில், நாற்பது ஆண்டுகளின் முன் வாசித்த அதே வூல்ரனில் அவர்கள் மீண்டும் வாசித்தனர். அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அவர்களைக் கேட்க மக்கள் திரண்டனர். 1958 இல் அக்குழுவின் ஒலிப்பதிவொன்றிற் பியானோ வாசித்த ஜோன் லோவும் பின்னர் இணைந்தார். அவர்கள் பீற்றில்ஸ் போல் வாசிக்க முயலவில்லை. 1957 இல் தாம் அறிந்திருந்த எளிய ஸ்கிபிள் பாடல்களையே பாடினர். 2005 இல் கிரிபித்ஸூம், 2017 இல் ஷொற்றனும், 2024 இல் லோவும் மறைந்தனர்.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். பீற்றில்ஸ் என்ற பெயரோடு, உலகப் புகழோடும் பெருஞ் செல்வத்தோடும் இயங்கிய குழு 1960 முதல் 1970 வரை பத்து ஆண்டுகளே நிலைத்தது. அதுவும் வழக்குகளிலும் மனக்கசப்பிலும் முடிந்தது. வல்லமை போதாதென்று ஒதுங்கியவர்களின் குழுவோ, 1997 இன் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. கலை வளர்வதற்கு வல்லமை வேண்டும். அதை எவரும் மறுக்கார். லெனன் அன்று மக்கார்ட்னியைச் சேர்க்காதிருந்தால் உலகம் பெரிதும் இழந்திருக்கும். எனினும் வல்லமையால் கட்டிய குழு வல்லமையுள்ளோரின் பிணக்கோடு முறிந்தது. பள்ளித் தோழமையாற் கட்டியது நாற்பது ஆண்டு இடைவெளியையும் தாங்கிற்று.

திசைக்கொருவராய்ச் சிதறிய பள்ளித் தோழர்களை உடைய சமூகம் நம்முடையது. பழைய மாணவர் சங்கங்களின் ஒன்றுகூடல்களில் இராப்போசனமும் உரைகளும் நிகழ்கின்றன. அவற்றோடு, அன்று பாடசாலை மண்டபத்திற் சேர்ந்து பாடியவர்கள், மிருதங்கமோ கிற்றாரோ தட்டியவர்கள், நாடகம் நடித்தவர்கள் மீண்டும் ஒருமுறை சேர்ந்து செய்து பார்க்கட்டும். சுருதி சற்றுப் பிசகினாற் பிசகட்டும். லென் கரியும் ஹன்ரனும் அறுபதை அண்மித்த வயதிலேதான் மறுபடியும் மேடையேறினார்கள்.