எடைக்குப் போட்டவை

லயன் காமிக்ஸ் இதழ் ஒன்று என் மேஜைமேல் கிடக்கிறது. ஸ்பைடர் கதை. முன்னட்டை இல்லை. பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடையின் நீல ரப்பர் முத்திரை; அதன் கீழே தேதிகள், வீட்டு எண்கள். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில், செய்தித்தாள் கட்டுக்குள்ளிருந்து இதை உருவினேன். கடைக்காரர் தராசில்கூட வைக்கவில்லை. "இன்னா சார், பொம்ம புக்குக்குப் போய் காசா? எட்துனு போ சார்" என்றார். ஒரு வாரம் கழித்து, காமிக்ஸ் சேகரிக்கும் நண்பர் ஒருவர் இதைப் புரட்டிப் பார்த்தார். அட்டை இருந்து, முத்திரை இல்லாமலிருந்தால் மூவாயிரம் வரை போகும், இப்படியிருப்பதால் ஒன்றும் பெறாது என்றார். எடைக்கு வாங்குபவரும் ரசனையோடு வாங்குபவரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

இந்த முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை. காமிக்ஸ் என்றால் நம்மவர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. இருபது வயதில் எனக்கும் இருந்தது. பி.ஏ.யில் எலியட்டைப் படித்த கையோடு, பரண்மேலிருந்த இரண்டு சாக்குக் காமிக்ஸை நானே எடைக்குப் போட்டேன். போட்டவன் எழுதும் கட்டுரை இது. வாசகர் அதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

திருவொற்றியூரைத் தாண்டினால் வரும் ரயில் ஸ்டேஷனுக்கு விம்கோ நகர் என்று பெயர். விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. 1920களில் ஸ்வீடன் தீப்பெட்டி முதலாளிகள் இந்தியாவில் நிறுவியது. இயந்திரத்தில் செய்யும் தீப்பெட்டி. அதே 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, கையால் செய்யும் தீப்பெட்டியைத் தொடங்கினார்கள். கையால் செய்த பெட்டிக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்குக் கலர் அச்சு வேண்டும். தீப்பெட்டி லேபிள், பட்டாசு உறை, சாமி காலண்டர் என்று வளர்ந்த அச்சுக்கூடங்களின் ஊரில், 1972ல் முத்து காமிக்ஸ் பிறந்தது. தமிழ்க் காமிக்ஸின் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் அஜந்தாவுக்கும் தோல்பாவைக்கும் போகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஒரு தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் சௌந்திரபாண்டியன். ஆரம்ப கால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக் கை மாயாவி'. லண்டனின் ஃப்ளீட்வே கம்பெனி வெளியிட்ட 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர் அது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன். ஒரு கை போய், இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆங்கிலத் தலைப்பில் இருந்தது எஃகு நகம். உடம்பு மறைகிற சங்கதி அதில் இல்லை. தமிழில்தான் 'மாயாவி' சேர்ந்தது. வாலியைக் குகை வரைக்கும் இழுத்துச் சென்ற அசுரனின் பெயர் அது. உபன்யாசத்திலும் தெருக்கூத்திலும் அந்தப் பெயரைக் கேட்டிருந்த பையனிடம், லூயிஸ் கிராண்டேல் என்கிற வெள்ளைக்காரன் ஏற்கெனவே தெரிந்தவனாக வந்து சேர்ந்தான். மொழிபெயர்ப்பு பற்றி நாம் நடத்திய எத்தனையோ விவாதங்களில் இந்த ஒரு சொல் உதாரணமாகக்கூட வந்ததில்லை.

1984ல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி கதை. அதே வருஷம் தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டோடு வந்தது. அது 2005 வரை தாக்குப் பிடித்தது. நான் படிக்கத் தொடங்கியது தொண்ணூறுகளில். அப்போது எங்கள் பக்கத்தில் காமிக்ஸை வாங்குவது என்பது அபூர்வம். பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்குவதை வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். ஒரு ராத்திரிக்கு ஐம்பது பைசா. காலையில் ஷிப்டுக்குப் போகும் அப்பாவின் சைக்கிளிலேயே புத்தகம் திரும்பிப் போகும். ஆகவே ராத்திரிக்குள் வீட்டில் நான்கு பேர் படித்தாக வேண்டும். அப்பாவும் படிப்பார். லேத்தில் நிற்கிற மனிதர், ஒரு கையை மிஷினில் விட்டவனின் கதையைச் சிரிக்காமல் படித்தார். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவருடைய ஷாப்பில் விரல் போனவர்கள் இருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை காகிதம் நீடிப்பது கஷ்டம். நியூஸ்பிரிண்ட் தானாகவே பழுத்து உதிரும். கடற்காற்றின் உப்பு, நடுவிலிருக்கும் பின்னைத் துருவாக்கிப் பக்கத்தைத் தின்றுவிடும். இதற்கு மேல் கரி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவதை உயர்நீதிமன்றம் 2011ல் நிறுத்தும்வரை, ராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி வெள்ளையாகத் திரும்பியதில்லை. அந்த ஊரில் நாற்பது வீட்டுக்குப் போய்வந்த புத்தகம் எப்படி இருக்கும்? என் இதழின் ஓரங்களில் கறுப்பாக ஒரு பட்டை ஓடுகிறது. விரல் அழுக்கும் துறைமுகக் கரியும் அதில் எந்த விகிதம் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு விசித்திரம். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்தது. வாங்கியவர்கள் சொற்பம், ஆனால் வாங்கியவர்கள் பைண்டு செய்து வைத்தார்கள். காமிக்ஸ் ஆயிரக்கணக்கில் அச்சானது, ஆயிரக்கணக்கில் படிக்கப்பட்டது, காணாமல் போயிற்று. படிக்கப்பட்டதாலேயே போயிற்று என்றும் சொல்லலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற ஒருவர் இருந்தால் கதை வேறு. விளம்பரப் பலகை எழுதிய மனிதர், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று பிறர் கழித்ததையெல்லாம் சேர்த்தார். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அவர் முத்திரை குத்திய புத்தகத்தைத் தள்ளியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பழைய காமிக்ஸுக்குச் சென்னையில் இருந்த பெரிய சந்தை மூர் மார்க்கெட். 1900ல் திறந்தது, 1985 மே 30ம் தேதி எரிந்தது. அங்கே இதழ்கள் அட்டைப் படத்தின் கவர்ச்சிக்கு ஏற்ப விலை போனதாக அப்பா சொல்வார். நாலு நாள் சாம்பல் வாசனை இருந்தது என்பார். பிறகு நடைபாதை, பழைய பேப்பர் கடை, இப்போது கைபேசிக் குழுக்களில் ஏலம். 2010ல் லயன், 'இரத்தப் படலம்' கதையின் பாகங்களை ஒரே தடித்த புத்தகமாகப் போட்டது. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியோடு லயனும் முத்துவும் புதுத் தெம்போடு திரும்பின. வழுவழுப்பான தாள், கலர், முன்பதிவு. பையன்களாக இருந்தவர்கள் சம்பளக்காரர்களாகி வந்து வாங்கினார்கள். இதில் தவறொன்றுமில்லை. ஆனால் அந்தக் கணத்தில் புத்தகம் வாடகைப் பொருளாக இருந்தது போய், அலமாரிப் பொருளாயிற்று. விலை என்கிற பேச்சும் உரக்க எழுந்தது.

இந்தப் பேச்சின் இலக்கணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் 1970லேயே விலைப்பட்டியல் புத்தகம் போட்டார். 2000லிருந்து பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, காமிக்ஸைப் பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துக் கொடுக்கும் கம்பெனி இருக்கிறது. சீல் வைத்ததைப் பிரித்துப் படித்தால் மார்க் செல்லாது. சூப்பர்மேன் முதலில் தோன்றிய 1938 ஜூன் இதழ் பத்து சென்ட். அதன் ஒரு பிரதி 2024ல் அறுபது லட்சம் டாலருக்குப் போயிற்று. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் அதன் முழு உரிமையையும் 1938ல் 130 டாலருக்கு விற்றார்கள். அந்தத் தொகையைக் கொடுத்த செக் 2012ல் ஏலத்துக்கு வந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலர்! வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இதைப் படித்ததும் கை கொஞ்சம் நடுங்கும். பணமாகித் தீர்ந்துபோன செக்.

அந்த சீகல், உரிமை வழக்குகளில் தோற்று, அறுபதுகளின் நடுவில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கதை எழுதினார். பத்திரிகையின் பெயர் 'லயன்'. கதை, ஸ்பைடர். டெட் கோவன் 1965ல் தொடங்கியதை 1966லிருந்து சீகல் தொடர்ந்தார். படம் ரெக் பன். கூரிய காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். குற்ற உலகுக்குச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டு, போகப் போக மற்றக் குற்றவாளிகளை வேட்டையாடுகிற விபரீதமான ஆள். அந்நாளைய ஃப்ளீட்வே இதழ்களில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. தமிழ் லயன் தொடங்கிய 1984லேயே ஸ்பைடரும் வந்துவிட்டான்; அதில் மட்டும் பெயர் எங்கிருந்து வரும்? சூப்பர்மேனைப் பறிகொடுத்த மனிதர் எழுதியதை ஐம்பது பைசா வாடகைக்கு எடுத்து, கும்மிடிப்பூண்டி லோக்கலில் நின்றுகொண்டு படித்தோம் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. இந்தத் தகவலைச் சேகரிப்பு நண்பரிடம் சொன்னேன். "அப்படியா? இதைச் சொன்னா ரேட் ஏறும்" என்றார்.

எங்கள் கிளையில் நகைக் கடன் உண்டு. அப்ரைசர் வந்து உரைகல்லில் தேய்ப்பார், கல்லும் அரக்கும் கழித்து நிகர எடை போடுவார். யாருடைய தாலி, யாருடைய காப்பு என்பது அவருடைய கணக்கில் வராது, வரவும் கூடாது. கிழிந்த நோட்டு மாற்றுவதற்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. ஐம்பது ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் கையிலிருந்தால் முழு மதிப்பு. நாற்பதிலிருந்து எண்பது வரை பாதி. அதற்கும் கீழே ஒன்றுமில்லை. மீன் வாடை அடித்தாலும் எண்ணெய் பட்டிருந்தாலும் மதிப்பு குறையாது. எத்தனை கை மாறியது என்று நோட்டை யாரும் கேட்பதில்லை. காமிக்ஸுக்கு இந்த மரியாதையைக்கூட நாம் தரவில்லை. சேகரிப்பாளர் 'புத்தம் புதுசு' என்று சொல்லும் பிரதி எது? அச்சாகி, கட்டாகி, ஏதோ ஏஜெண்டின் கோடவுனில் ஒருவரும் படிக்காமல் கிடந்தது. வரலாறே நடக்காத ஒரு பொருளுக்கு உச்ச விலை. நடந்ததன் தடயமெல்லாம் கழிவு.

நண்பர் இதற்குப் பதில் வைத்திருந்தார். உண்மையான பதில்தான். படத்தைப் பார்ப்பதற்குப் படம் முழுசாக இருக்க வேண்டாமா? பிளாஸ்கோவின் கறுப்பு மையும் நிழலும், நாற்பது பேர் தேய்த்த பக்கத்தில் எங்கே தெரியும்? தெரியாதுதான். எனக்கு இரண்டு பிரதியும் வேண்டும் என்றேன். வங்கிச் சம்பளத்தில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றார் சிரித்துக்கொண்டே.

எடைக்குப் போட்டது போக மிச்சம் நாற்பது, ஐம்பது இதழ்கள் எர்ணாவூரில் அம்மா வீட்டுக் கட்டிலடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. 2023 டிசம்பர் புயலில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. தண்ணீர் வடிந்தபின் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஒரே பாளமாக ஒட்டியிருந்தது. பிரிக்க முயன்ற இடத்தில் படம் கையோடு வந்தது. சேதக் கணக்கு எடுக்க வந்தவரிடம் அம்மா ஃப்ரிட்ஜ், மிக்ஸி, பாய், அரிசி என்று சொல்லிக்கொண்டே வந்து, "பையனோட புக்கு ஒரு பொட்டி" என்றாள். பாடப் புத்தகமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுதவில்லை. நானாயிருந்தாலும் அந்தப் படிவத்தில் எங்கே எழுதியிருப்பேன்?

அதற்குப் பிறகுதான் பழைய பேப்பர் கடைகளில் குனியத் தொடங்கினேன். இந்த ஸ்பைடர் இதழின் பின்னட்டையை ராத்திரிகளில் லெட்ஜர் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். வீட்டு எண், எடுத்த தேதி, திரும்பிய தேதி. 1991 மார்ச்சிலிருந்து 1992 ஜூன் வரை முப்பத்தேழு வரிகள். ஒரே வீடு மூன்று முறை எடுத்திருக்கிறது. இரண்டு இடத்தில் தாமதத்துக்கு நாலணா கூடுதல். கையெழுத்து நடுவில் மாறுகிறது. கடையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி வரியில் எண் இருக்கிறது, எடுத்த தேதி இருக்கிறது. திரும்பிய தேதி இல்லை.