வெள்ளெழுத்தும் வின்செஸ்டரும்

நாற்பதைக் கடந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புத்தகம் கண்ணைவிட்டு மெல்ல விலகிக்கொண்டே போகிறது; கையின் நீளம் போதாமற்போன நாளில் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். சாளேசரம் என்றும் வெள்ளெழுத்து என்றும் நம்மவர்கள் பெயரிட்டது இதைத்தான். கண்ணின் வில்லை வளைவை மாற்றிக்கொண்டே அருகையும் தொலைவையும் காண்கிறது என்று தாமஸ் யங் 1801இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். அவ்வில்லை வயதோடு இறுகுகிறது. நமக்கு அதனால் சில பக்கங்கள் போகும். அமெரிக்க மலைக்காடுகளில் மான் சுட்டு வாழ்ந்தவனுக்குக் குளிர்கால இறைச்சியே போயிற்று.

அவன் கையில் இருந்தது பெரும்பாலும் லீவர் துப்பாக்கி. வின்செஸ்டரின் 1873, 1876 மாதிரிகளும், பின்னர் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886, 1892, 1894 மாதிரிகளும் புகழ்பெற்றவை. குழாயின் நடுப்பகுதியில் வெட்டுள்ள பின்குறி, நுனியில் முன்குறி, அப்பால் மான். மூன்றும் மூன்று தொலைவில் நிற்க, கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காணும். இளங்கண் மூன்றுக்கும் இடையே தாவித் தாவி அக்குறையை மறைத்துவிடுகிறது. ஐம்பது வயதுக் கண்ணுக்குப் பின்குறியின் வெட்டு பஞ்சுப் பொதியாகிவிடும்.

மருந்து முன்பே இருந்தது. 1874இல் நியூயார்க்கின் கிரீட்மோர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதியபோது, தகட்டில் ஊசித்துளையிட்ட பின்குறிகள் குறிபார்ப்போருக்குப் பழகிய பொருள்கள்தாம். விரல்களைக் குவித்து அந்த இடுக்கின் வழியே பேருந்துப் பலகையைப் படிக்கும் முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம், அதே தத்துவம். சிறு துளை ஓரக் கதிர்களைத் தடுக்க, அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிகின்றன. ஆனால் வெளிச்சமும் குறைகிறது. திடலில் அது பொருட்டல்ல. மான் மேயும் அந்திப் பொழுதில் அகன்ற தகடும் ஊசித்துளையும் கண்ணைக் கட்டியதற்குச் சமம்.

கனெக்டிகட்டைச் சேர்ந்த வில்லியம் லைமன் 1879இல் காப்புரிமை பெற்ற குறி இந்த முடிச்சை அவிழ்த்தது. துளையைப் பெரிதாக்கி, விளிம்பை மெல்லிய வளையமாக்கி, சுத்திக்குப் பின்னே கண்ணருகில் நிறுத்தினார். இத்துளை முழுக்கத் திறந்திருக்கையில் ஊசித்துளையளவு கூர்மை தருவதில்லை. கண்ணின் மூன்று வேலைகளில் ஒன்றைக் குறைத்துவிடுகிறது. வளையத்தைப் பார்க்கவே வேண்டாம். முன்குறியைக் கண்டால் போதும், அதைத் துளையின் நடுவில் கொண்டுவருவதைக் கண் தானாகவே செய்துகொள்ளும். எங்கள் எண்ணத்தில், பலரைத் தடுத்தது கண் அன்று, இந்த நம்பிக்கையின்மைதான். வாழ்நாளெல்லாம் பின்குறியை உற்றுநோக்கியவனிடம் அதை மறந்துவிடு என்றால் எளிதில் இசைவானா?

தெரிவில் இன்னும் சிக்கல்கள் உண்டு. கண்ணருகில் உள்ள குறி வேகமானது, ஆயினும் வலிய தோட்டாவின் பின்னுதையில் புருவத்தைப் பதம்பார்க்கும். எனவே சற்று முன்னே, இயந்திரப் பெட்டியின்மேல் பொருத்தும் குறிகளும் வந்தன. இவற்றில் சிறுதுளை வில்லையைத் திருகிப் பகலுக்கு ஒன்றும், கழற்றிவிட்டு அந்திக்கு ஒன்றுமாகப் பயன்கொள்ளலாம். முன்குறியைத் தந்த மணியாகவோ பித்தளை மணியாகவோ மாற்றிக்கொண்டோரும் உண்டு. தொலைநோக்கி பொருத்தலாமே என்பீர்கள். 1894 மாதிரி வெற்றுத் தோட்டாக்களை நேர்மேலே எறிவது; 1980களின் தொடக்கம் வரை தொலைநோக்கியை ஒருபுறம் ஒதுக்கியே பொருத்த வேண்டியிருந்தது. பக்கவாட்டில் எறியும் மார்லின் துப்பாக்கிக்கு 1889 முதலே அத்தொல்லை இல்லை.

பழைய 1894களின் உலோக வாலில், லைமன் போன்றோரின் குறிக்கெனத் தொழிற்சாலையிலேயே ஒரு திருகுத்துளை இட்டு, சிறு திருகால் அடைத்துத் தந்தார்கள். அவ்வடைப்பு இன்றும் கழற்றப்படாமல் இருக்கும் துப்பாக்கி கைக்கு வந்தால் நமக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: அதன் சொந்தக்காரர் கண் மங்குமுன்பே அதை விற்றுவிட்டாரா, அல்லது கடைசிவரை வளையத்தை நம்பாமலே இருந்துவிட்டாரா?