காத்தாடி வேறு, மாஞ்சா வேறு: வடசென்னையில் எதற்குத் தடை?

கோடை லீவு விட்டால் போதும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மொட்டை மாடிகளில் காத்தாடி ஏறிவிடும். கூடவே, ‘மாஞ்சா நூல் கழுத்தை அறுத்தது’ என்ற செய்தியும் வந்துவிடும். அப்படியென்றால் காத்தாடி விடுவதே குற்றமா? விரிவாகப் பார்க்கலாம்.

காத்தாடி எப்படித் தயாராகிறது?

மெல்லிய கலர் பேப்பர், இரண்டு மூங்கில் குச்சிகள், கொஞ்சம் பசை. இவ்வளவுதான் பொருள். ஒரு குச்சி நேராக முதுகெலும்பு போல நிற்கும்; இன்னொன்று வில்லாக வளைந்து இறக்கையைத் தாங்கும். வில்லின் இரு பக்கமும் எடை சமமாக இல்லாவிட்டால் காத்தாடி ஒரு பக்கமாகவே சாயும். அடுத்து ‘சூத்திரம்’. காத்தாடியையும் நூலையும் இணைக்கும் இந்த முடிச்சு சரியாக விழுந்தால்தான் காத்தாடி சொன்ன பேச்சு கேட்கும். நூலைச் சுற்றி வைப்பது ‘லொட்டாய்’. 2010-ல் அதர்வா அறிமுகமான ‘பாணா காத்தாடி’ படத்தின் பெயரே இந்த விளையாட்டில் இருந்து வந்ததுதான்.

‘டீல்’ என்றால் என்ன?

ஒருவர் நூலோடு இன்னொருவர் நூலைச் சிக்கவைத்து அறுப்பதுதான் ‘டீல்’. இதில் ஜெயிக்கத்தான் நூலில் கண்ணாடித் தூளும் பசையும் கலந்து தடவுகிறார்கள். அதுவே மாஞ்சா.

ஆபத்து எங்கே?

அறுந்த காத்தாடி சும்மா விழுவதில்லை. நீளமான நூலையும் இழுத்துக்கொண்டு போகிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது, கரையோர மாடிகளில் அறுந்த காத்தாடி ஊருக்குள் இருக்கும் சாலை, மேம்பாலம், ரயில் பாதை பக்கம் போய் விழும். பைக்கில் வேகமாக வருபவருக்கு குறுக்கே தொங்கும் நூல் கண்ணில் படாது. சாதாரண பருத்தி நூல் என்றால் இழுவையில் அறுந்துவிடும். நைலான் நூல் லேசில் அறாது, சதையைத்தான் அறுக்கும். வண்டியில் முன்னால் உட்காரும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் பெற்றோருடன் பைக்கில் சென்ற 3 வயதுக் குழந்தை இப்படித்தான் உயிரிழந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலை 11-ல் நாடு முழுவதும் நைலான், செயற்கை இழை மாஞ்சாவுக்குத் தடை விதித்தது. கண்ணாடி பூசிய பருத்தி நூலுக்கும் தடை உண்டு. கூர்மையான பொருள் எதுவும் பூசாத பருத்தி நூலில் மட்டுமே காத்தாடி விடலாம். சென்னை போலீசாரும் மாஞ்சா தயாரிப்பு, விற்பனை, பயன்பாட்டுக்குத் தடை உத்தரவு போட்டு வருகிறார்கள். ஆக, தடை காத்தாடிக்கு அல்ல, அதை அறுக்கும் ஆயுதமாக்கும் நூலுக்குத்தான்.

அறுக்காவிட்டால் சுவாரஸ்யம் ஏது?

இதற்குப் பதில் கடல் தாண்டி இருக்கிறது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் ‘வாவ் புலான்’ என்ற நிலாப் பட்டம் பிரபலம். கீழ்ப்பகுதி பிறை வடிவில் இருக்கும். காகிதத்தில் பூ வேலைப்பாடுகளை நுணுக்கமாக வெட்டி ஒட்டுவார்கள். தலையில் கட்டிய வில் காற்றில் ரீங்காரமிடும். 1989-ல் வெளியான அந்நாட்டின் 50 சென் நாணயத்திலேயே வாவ் பட்டம் இடம்பிடித்தது. இலங்கையின் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியில் விதவிதமான ராட்சதப் பட்டங்கள் ஏறும். அங்கேயும் ‘விண்’ கட்டிப் பட்டத்தைக் கூவ வைப்பார்கள். இரண்டு ஊரிலும் இந்தப் பட்டங்களுக்குப் பேர் வாங்கித் தருவது உருவமும் ஓசையும்தான்.

என்ன செய்யலாம்?

பிள்ளைகளின் லொட்டாயில் என்ன நூல் இருக்கிறது என்று பெற்றோர் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது மாஞ்சா. மின்கம்பி, சாலை, தண்டவாளம் பக்கம் வேண்டாம். மாஞ்சா விற்பது தெரிந்தால் 100-க்கு அழைக்கலாம். வில் வளைக்கவும் சூத்திரம் போடவும் தெரிந்த கைக்கு வெறும் பருத்தி நூலே போதும்.