கொத்தனார்

கல்லும் செங்கல்லும் அடுக்கிச் சுவர் எழுப்பி, சாந்து பூசி வீடு கட்டும் தொழிலாளர். திருநெல்வேலி வட்டாரத்தில் இச்சொல்லே பெருவழக்கு. அகராதிகள் ‘கொல்லத்துக்காரன்’ என்பதையும் தருகின்றன. கொத்துதல் என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர்; கட்டட வேலையைக் குறிக்கும் ‘கொற்று’ என்பதன் திரிபு என்பாரும் உளர்.

கொற்கை அகழாய்வில் செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. சோழர் கல்வெட்டுகள் பெருந்தச்சரையே பெயர் சொல்லிப் போற்றுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் குஞ்சரமல்லன் அவர்களுள் ஒருவர். கம்மாளர் ஐவகையில் கல்தச்சருக்கு இடமுண்டு, செங்கல் வேலை செய்வோருக்குத் தனியிடம் இல்லை. கொத்தனார் கல்தச்சரிலிருந்து கிளைத்தவரா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

19ஆம் நூற்றாண்டிலிருந்து செய்திகள் பெருகுகின்றன. தாமிரபரணியின் குறுக்கே 1843இல் திறக்கப்பட்ட பாலம் பணம் தந்த சுலோசன முதலியாரின் பெயரைத் தாங்குகிறது, கட்டியவர்களின் பெயரை அன்று. கிறித்தவ மறைப்பணியாளர் கால்டுவெல் இடையன்குடியில் 1847இல் தொடங்கிய தேவாலயம் 1880இல்தான் நிறைவுற்றது. பனங்காட்டு ஊர்க் கொத்தனார்கள் ஐரோப்பியக் கூர்வளைவுகளைக் கட்டிப் பழகியது இத்தகைய பணிகளில்தான் எனலாம்.

தார்சா, பட்டாசல், அடுக்களை எனப் பகுத்த நெல்லை வீடுகளும் அவர்கள் கைவேலையே. சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டுக் காரை கூட்டினர். தளத்தில் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினர். வேலை அலுக்காதிருக்கப் பாட்டும் உண்டு. தூக்குக்குண்டு, மூலைமட்டம், கரண்டி ஆகியன முதன்மைக் கருவிகள். எடுபிடிக்குச் சித்தாள். நிலை வைக்கும் நாளில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு காணிக்கை தருவது வழக்கம். குடிபுகுமுன் இரவில் நடக்கும் ‘தச்சு கழிப்பு’ச் சடங்கு மட்டும் தச்சருக்குரியது.

‘மேஸ்திரி’ போர்த்துக்கேயச் சொல்வழி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் காலூன்றிய புன்னைக்காயல் தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்தே இருந்தாலும், சொல் அவ்வழியே நுழைந்தது என்று உறுதியாகக் கூற இயலாது. சென்னைப் பக்கம் கொத்தனாரையே மேஸ்திரி என்பது உண்டு. நெல்லையில் பெரும்பாலும் ஆள் சேர்த்து வேலை வாங்குபவரே மேஸ்திரி.

சிமெண்டும் கான்கிரீட்டும் பரவிய பின் சென்டரிங், கம்பி கட்டுதல், டைல்ஸ் ஒட்டுதல் ஆகியன தனித்தனித் தொழில்களாயின. 1994இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது.