டிடிராக் கோப்பின் மௌனம்: மெய்நிகர் கணினிச் சோதனை எதற்குச் சான்று?

2019 அக்டோபர் இறுதியில் பொதுவெளிக்கு வந்த, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தைத் தன்னுள் பொதிந்து வைத்திருந்த டிடிராக் தீநிரல் கோப்பைப் பற்றி இரண்டு முடிவுகள் அருகருகே நிலவி வருகின்றன. அக்கோப்பை மெய்நிகர் கணினியில் ஏற்றி இயக்கினால் வெளியுலகச் சேவையகம் எதனோடும் அது தொடர்புகொள்வதில்லை, ஆகவே திரட்டிய தரவு எங்கும் சென்றிருக்க முடியாது என்பது ஒன்று. அது நாடுவது ஓர் உள்வலை முகவரியை என்பதால் இணையத்தோடு தொடர்பற்ற கட்டுப்பாட்டு அமைப்பே அதன் இலக்கு, அந்த அமைப்பு எட்டப்பட்டும்விட்டது என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினாலும், இவ்விரு வாசிப்புகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பதும், கோப்பும் அது இயங்கிய சூழலும் சேர்ந்து உண்டாக்கிய பதிவைக் கோப்பின் தனியியல்பாகக் கொண்டதே அப்பிழை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி. சோதனைக்கு முன் அதன் நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவைத்து, ஐயத்திற்குரிய இயங்குகோப்பை ஏற்றி இயக்கி, நடந்ததைப் பதிவுசெய்துகொண்டு, பிறகு சேமித்த நிலைக்கே திருப்பிவிடலாம் என்பதால் தீநிரல் ஆய்வுக்கு அது இன்றியமையாததாயிற்று. இந்த வழக்கம் மறைமுகமாகச் சார்ந்து நிற்கும் கோட்பாடு, கணினியியலாளர்கள் போப்பெக்கும் கோல்ட்பர்க்கும் 1974-இல் வகுத்த நிகர்மை நிபந்தனையாகும். உண்மைக் கணினியில் ஒரு நிரல் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே மெய்நிகர் கணினியிலும் நடந்துகொள்ள வேண்டும் என்று கூறும் அந்நிபந்தனை இரண்டு விலக்குகளை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. காலத் தாமதம் ஒன்று, வளங்கள் கிடைக்கும் நிலை மற்றொன்று. இரண்டாவது விலக்கை அந்நாளில் நினைவகம் போன்ற வன்பொருள் வளங்களை மனத்தில் கொண்டே எழுதினர் என்று கொள்வதே பொருந்தும். ஆனால் வலையமைப்பு வழியே வாழும் இன்றைய நிரலுக்கு, அண்டைக் கணினியும் அதில் திறந்திருக்கும் பகிர்வும் அதை ஏற்கும் கடவுச்சொல்லும் வளங்களே. செயலி ஆணைகளைப் பொறுத்தவரை நிகர்மை கிடைக்கிறது. சுற்றுப்புறத்தைப் பொறுத்தவரை அப்படியொரு வாக்குறுதியை எவரும் அளித்ததில்லை. டிடிராக் பற்றிய விவாதத்தில் இவ்வேறுபாடு கருதப்படவே இல்லை.

கோப்பின் குடும்ப வரலாறு துறையினர் அறிந்தது. இந்திய வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்களைக் குறிவைத்த தீநிரல் ஒன்றை 2018-இல் கண்டறிந்த காஸ்பர்ஸ்கி நிறுவனம், அதனோடு உறவுடைய 180-க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டி 2019 செப்டம்பரில் டிடிராக் என்னும் பெயரோடு வெளியிட்டது. விசை அழுத்தங்கள், உலாவி வரலாறு, கணினியின் வலை முகவரிகள், இயங்கிக்கொண்டிருக்கும் செயல்முறைகள், எல்லா வட்டுகளிலும் உள்ள கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டுவது இக்குடும்பத்தின் தொழில். கூடங்குளம் மாதிரியை வேறுபடுத்துவது திரட்டிய பின் அது செய்யும் செயலாகும். விண்டோஸில் தொலைக் கணினியின் பகிர்வை இணைத்துக்கொள்ள உதவும் ‘நெட் யூஸ்’ என்னும் சாதாரண ஆணையைக் கொண்டு, 10.38 எனத் தொடங்கும் ஓர் உள்வலை முகவரியிலுள்ள கணினியின் சி வட்டை நிர்வாகப் பகிர்வாக இணைக்க முயன்று, அங்குள்ள விண்டோஸின் தற்காலிகக் கோப்புறைக்குத் தன் பொதியை நகர்த்துகிறது. இணைப்புக்குத் தேவையான கடவுச்சொல்லும், ‘கேகேஎன்பிபி’ என்னும் டொமைனின் நிர்வாகி என்ற பயனர்பெயரும் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. டொமைன் என்பது ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் பயனர்களையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கட்டிவைக்கும் விண்டோஸ் ஏற்பாடு.

இந்தக் கோப்பைப் பழனிசெட்டிபட்டியில் உள்ள ஒரு கணினி ஆய்வகத்தில், விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர் கணினி மென்பொருளில் நிறுவிய விண்டோஸ் ஒன்றில் ஏற்றினால் என்ன நிகழும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது வாதத்தின் மையத்தைத் தெளிவாக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் தன் இயல்பான நாட் (வலை முகவரி மாற்றம்) முறையில், தன்னுள் இயங்கும் விருந்தினர் கணினிக்கு 10.0.2.15 என்னும் முகவரியை வழங்குகிறது. தேடப்படும் முகவரியும் 10-இலேயே தொடங்கினாலும் அது அந்தச் சிறு உட்பிரிவுக்கு வெளியே இருப்பதால், இணைப்புக் கோரிக்கை நுழைவாயிலுக்குப் போய், அங்கிருந்து ஆய்வகத்தின் மெய்யான வலையமைப்புக்குள் இறங்கிவிடுகிறது. நாட் என்பது தனிமைப்படுத்தல் என்ற பரவலான நம்பிக்கை இங்கே உடைகிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதை அது தடுக்கிறதேயன்றி, உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பதில்லை. 10-இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் எந்த நிறுவனமும் தன் உள்வலையில் விருப்பம்போலப் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. ஆகவே அந்த ஆய்வகம் சார்ந்த கல்லூரியில் அதே முகவரியை ஓர் அலுவலகக் கணினி வைத்திருந்தால், கூடங்குளத்துக்கென்று எழுதப்பட்ட கோப்பு பழனிசெட்டிபட்டியின் அலுவலகக் கணினியைத் தட்டிப் பார்க்கும்.

அவ்வாறு ஒரு கணினி அங்கே இல்லையெனில் ஆணை 53 என்னும் பிழை எண்ணோடு முடிகிறது. வலைப்பாதை காணப்படவில்லை என்பது அதன் பொருள். கணினி இருந்து, கடவுச்சொல் பொருந்தாவிட்டால் 1326 கிடைக்கும். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் முழு விவாதத்தையும் தாங்குகிறது. முதலாவது, சூழல் இல்லை என்கிறது. இரண்டாவது, சூழல் உண்டு, நற்சான்று (பயனர்பெயரும் கடவுச்சொல்லும்) செல்லவில்லை என்கிறது. இரண்டையும் ‘தொடர்பு தோல்வி’ என்று ஒரே வரியில் சுருக்கும் அறிக்கை, வரலாற்றாசிரியர் கையில் தேதி கிழிந்த ஆவணத்துக்கு ஒப்பானது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஆய்வாளர் இரண்டாவதாக ஒரு மெய்நிகர் கணினியை அதே முகவரியில் நிறுத்தினாலும், புதிதாகச் சேர்ந்த வலையமைப்பை விண்டோஸ் பொதுவாகப் ‘பொது வலை’ என்று வகைப்படுத்திக் கோப்புப் பகிர்வுக்குரிய 445-ஆம் வாயிலை அடைத்துவைப்பதால், கணினி எதிரிலேயே நின்றாலும் கிடைப்பது 53-தான். வாயிலைத் திறந்த பிறகும், பயனர் விண்டோஸ் பதிப்புகளில் உள்ளமைந்த நிர்வாகிக் கணக்கு இயல்பாக முடக்கப்பட்டிருப்பதால் நுழைவு மறுக்கப்படும். இத்தனை தடைகளில் ஒன்றுகூடக் கோப்பினுடையதன்று. ஒவ்வொன்றையும் நீக்கி, டொமைனையும் அமைத்து, வெளியுலகத் தொடர்பே இல்லாத உள்வலை முறையில் இரு மெய்நிகர் கணினிகளை மட்டும் இணைத்தால்தான், கோப்பு தான் செய்ய எழுதப்பட்டதைச் செய்து முடிக்க இடம் கிடைக்கிறது. அதற்கு முன் கிடைக்கும் மௌனம் சோதனைக்கூடத்தின் மௌனம்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கோப்பு கேட்கும் முகவரி, பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஆய்வாளரே அமைத்துக்கொடுத்துவிட்டு, கோப்பு வெற்றிகரமாக இயங்கியது என்று சொல்வது, விடையை முதலில் எழுதிவைத்து வினாவைப் பின்னர் எழுப்புவதாகாதா? மறுப்பு நியாயமானது, ஆனால் அது தாக்குவது இவ்வாதத்தை அன்று. அவ்வாறு அமைக்கப்பட்ட சூழல் கோப்பின் ஆற்றலை மட்டுமே காட்டுகிறது, அதன் வரலாற்றைக் காட்டுவதில்லை. கூடங்குளத்தில் அந்த நகர்த்தல் நடந்ததா என்பதை எந்த மெய்நிகர் கணினியும் சொல்லாது. அங்குள்ள கணினிகளின் பதிவேடுகளே சொல்லும். ஆற்றல் நிறுவப்பட்ட பின், ‘தரவு எங்கும் சென்றிருக்க முடியாது’ என்ற முதல் வாசிப்பின் ‘முடியாது’ மட்டும் விழுந்துவிடுகிறது, அவ்வளவே. மெய்நிகர் கணினியைத் தீநிரல் மோப்பம் பிடித்து அடங்கிக்கொண்டது என்ற விளக்கம் இம்மாதிரிக்குத் தேவையே இல்லை. கதவே இல்லாத இடத்தில் கதவைத் திறக்காததற்குத் தந்திரம் கற்பிக்க வேண்டியதில்லை. கோப்பை இயக்காமல் அதன் குறிமுறையை வாசித்தாலே போதும் என்பாருக்கும் மேற்சொன்ன பிழை எண்களே விடை: எந்தச் சூழலில் எந்த எண் கிடைக்கும் என்பதைக் குறிமுறை மட்டும் சொல்லாது.

இனி இரண்டாவது வாசிப்பு. அது முழுவதும் உள்வலை முகவரியின் மீது நிற்கிறது. ஆனால் அந்த முகவரி ஓர் இடத்தைக் குறிப்பதே இல்லை. 10-இல் தொடங்கும் முகவரி, நிர்வாகப் பணிக்கான வலையிலும் இருக்கலாம், கட்டுப்பாட்டு வலையிலும் இருக்கலாம், தொடர்பே இல்லாத வேறோர் ஊரிலும் இருக்கலாம் என்பதைப் பழனிசெட்டிபட்டி எடுத்துக்காட்டே காட்டிவிடுகிறது. கோப்பைக் கூடங்குளத்தோடு பிணைப்பது முகவரியன்று, டொமைனின் பெயர். அப்பெயரும், விண்டோஸ் நிர்வாகிக் கணக்கின் வழியே விண்டோஸ் பகிர்வை நாடும் அதன் முறையும், அலுவலகக் கணினிகளின் உலகையே சுட்டுகின்றன. அணு உலையை இயக்கும் கட்டுப்படுத்திகளின் மொழியில் ஓர் ஆணையும் அதில் இல்லை. கட்டுப்பாட்டு அமைப்பு எட்டப்பட்டது என்பதற்கு இக்கோப்பு சான்றாகாது. இதைச் சொல்வது நிகழ்வைச் சிறிதாக்குவது என்று கருதுவோர், அடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும்.

இந்திய அணுமின் கழகத்தின் ஆவணங்கள் சுருக்கமானவை. 2019 அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் சார்பில் வெளியான அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்பவை என்பதால் அவற்றின் மீது இணையத் தாக்குதல் நடத்த இயலாது என்றது. மறுநாள் கழகமே வெளியிட்ட அறிக்கை, தன் அமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது சரியே என்றும், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்று அதைக் கவனித்தபோது தகவல் தெரிவித்தது என்றும், பாதிக்கப்பட்ட கணினி நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையிலிருந்த ஒரு பயனருடையது என்றும் கூறியது. இரண்டாவது அறிக்கை தீநிரலின் பெயரைச் சொல்லவில்லை. ஆகவே பொதுவெளிக்கு வந்த கோப்பும் அறிக்கை பேசும் தீநிரலும் ஒன்றே என்பது அனுமானமே. ஆயினும், கோப்பினுள் எழுதப்பட்ட டொமைன் பெயரும் அறிக்கை வந்த வேளையும் பொருந்தும் விதத்தைக் காணும்போது, அவ்விரண்டையும் வேறுவேறாகக் கொள்வதற்கே கூடுதல் ஆதாரம் தேவைப்படும்.

ஒன்றே எனக் கொண்டால், அறிக்கையும் கோப்பும் ஒன்றையொன்று கேள்விக்குள்ளாக்குகின்றன. பாதிக்கப்பட்டது இணைய வசதியுள்ள கணினி என்றால், திரட்டியதை நேரே வெளியே அனுப்பும் வழி அக்கோப்புக்குத் திறந்தே இருந்தது. இக்குடும்பத்தின் பிற மாதிரிகள் சில அவ்வழியைப் பயன்படுத்துகின்றன. இம்மாதிரி அதை விட்டுவிட்டு, உள்ளேயே வேறொரு கணினியில் பொதியைக் கொண்டுபோய் வைக்க எழுதப்பட்டிருக்கிறது. வெளியே போகும் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவிகள், அலுவலகத்துக்குள் கணினிக்குக் கணினி நடக்கும் கோப்பு நகர்வைப் பொதுவாக ஐயுறுவதில்லை. பல கணினிகளிலிருந்து திரட்டுவதை ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் ஏற்பாடாகவே இதைக் காண்பது பொருத்தம். அப்படியானால் அந்தச் சேர்ப்பிடத்திலிருந்து பொதிகளை எடுத்துச்செல்ல வேறொரு கருவி வேண்டும். வெளியுலகத் தொடர்பு இல்லாமை குறைபாடன்று, வேலைப்பிரிவு. அறிக்கை ஒரு கணினியைப் பேசுகிறது. கோப்பின் அமைப்போ குறைந்தது இரண்டு கணினிகளை எதிர்பார்க்கிறது. அறிக்கை சொல்லாத அந்த இரண்டாவது கணினியின் நிலை என்ன என்பதே முதன்மையாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. கட்டுப்பாட்டு அமைப்பு எட்டப்பட்டதா என்ற விவாதம் அதை மூடிவிட்டது.

கோப்பை மெய்நிகர் கணினிக்குள் கொண்டுசெல்லும் விதமும் பதிவை மாற்றும் என்பது பற்றிச் சில சொற்கள். விண்டோஸ் தன் ஏற்றியின் மூலம் ஒரு கோப்பை நினைவகத்தில் விரிக்கும்போது, கோப்பின் தலைப்பு அட்டவணையில் குறித்துள்ள பகுதிகளை மட்டுமே விரிக்கிறது. டிடிராக் குடும்பத்தின் மாதிரிகள் தம் உண்மையான சுமையை மறையாக்கம் செய்து, அட்டவணைக்கு வெளியே கோப்பின் வாலில் வைத்துக்கொண்டு, இயங்கத் தொடங்கியதும் வட்டிலுள்ள தம் கோப்பையே திரும்பத் திறந்து அதை எடுத்துக்கொள்கின்றன. பிறகு விண்டோஸின் சாதாரணச் செயல்முறை ஒன்றின் உள்ளீட்டை அகற்றிவிட்டு அதன் கூட்டுக்குள் அமர்கின்றன. நினைவகத்திலிருந்து பிரதியெடுத்து மற்றோர் ஆய்வாளருக்கு அனுப்பிய மாதிரியில் அந்த வால் இருக்காது. அதை ஏற்றியவர் காண்பது வெற்றுக் கூடு. பகிர்வுக் கோப்புறை வழியாகவோ வட்டுப்படம் வழியாகவோ கோப்பை உள்ளே இடும்போது, இணையத்திலிருந்து வந்தது என்று விண்டோஸ் ஒட்டிவைத்திருந்த குறி உதிர்ந்துபோகக்கூடும் என்பதால் எச்சரிக்கைகளும் மாறுகின்றன. ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் அடையாளமான எஸ்ஹெச்ஏ-256 எண்ணைக் குறிக்காத அறிக்கை, எந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிறது என்பதே ஐயத்திற்குரியது. இக்குறிப்புகள் டிடிராக்குக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் இங்கே விரிக்கப்படவில்லை.

எஞ்சி நிற்பது நற்சான்றுகளின் காலம். ஒரு டொமைனின் நிர்வாகிக் கடவுச்சொல்லும், உள்வலையில் சேர்ப்பிடமாக உதவக்கூடிய ஒரு கணினியின் முகவரியும் கோப்பு தொகுக்கப்படும்போதே அதை எழுதியோர் கையில் இருந்தன. தொகுத்த பிறகு இயங்குகோப்பு தானாகக் கற்றுக்கொண்டவை அல்ல அவை. வெளியிலிருந்து ஊகித்தறியக் கூடியவையும் அல்ல. எனவே இக்கோப்பு வருவதற்கு முன் அந்த வலைக்குள் வேறொன்று வந்துபோயிருக்கிறது, அதுவே இவற்றைத் திரட்டித் தந்திருக்கிறது என்று கொள்வதைத் தவிர வேறு வழி புலப்படவில்லை. செப்டம்பர் 4 என்பது கவனிக்கப்பட்ட நாள்; ஊடுருவலின் தொடக்கம் அதற்கும் முந்தியது. இதுவரை எழுதப்பட்டவை அனைத்தும் இரண்டாவதாக வந்த இந்த டிடிராக் கோப்பையே மெய்நிகர் கணினிகளில் ஏற்றி ஏற்றி வாசித்திருக்கின்றன. அதற்கு முன் வந்துபோன முதலாவது கோப்பு எந்தப் பொதுத் தொகுப்பிலும் அடையாளம் காணப்படாத வரை, கூடங்குளத்தில் ஊடுருவல் எவ்வாறு தொடங்கியது என்ற வினாவுக்கு விடை சொல்லும் ஆவணம் ஆய்வாளர் எவருடைய சோதனைக்கூடத்துக்கும் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.