குறட்டைக்கு ஆபரேஷன் பண்ணலாமா? ஸ்லீப் ஆப்னியா சிகிச்சையில் யாருக்கு பலன், யாருக்கு வேண்டாம்? முழு விளக்கம்

பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த கூட்டம், திருவண்ணாமலையில் கிடைத்த இடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கும். வெளியூரில் இருந்து வந்த வேன் டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துக் கண் அசந்திருப்பார்கள். அங்கங்கே குறட்டைச் சத்தம் கேட்கும். "பாவம், அசதி. நல்லா தூங்குறாரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போவதுதான் வழக்கம்.

எல்லா குறட்டையும் நல்ல தூக்கம் கிடையாது. சத்தம் திடீரென நிற்கிறது, சில நொடிகள் மூச்சே இல்லை, பிறகு திணறலோடு மறுபடி மூச்சு வருகிறது என்றால் அது நோயாக இருக்கலாம். இப்படி இரவெல்லாம் தூக்கம் துண்டு துண்டாக உடைந்தவர், விடியற்காலையில் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும்? கண் ஒரு நொடி சொக்கினாலே போதும்.

இந்த நோயை 'ஆபரேஷன் செஞ்சா சரியாகிடும்' என்று சிலர் நம்புகிறார்கள். 'ஆபரேஷனே வீண்' என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி? பார்க்கலாம்.

ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன?

தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்ந்து போகும். தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் தளரும். நாக்கு பின்பக்கமாகச் சரியும், உள்நாக்கு பகுதி தொங்கும். மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகலாக இருப்பவர்களுக்கு அது அப்படியே அடைத்துக்கொள்ளும். 10 நொடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அதை 'ஆப்னியா' என்கிறார்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அரைகுறையாக விழித்து, தொண்டையைத் திறக்கும். காலையில் எழுந்தால் இது எதுவுமே ஞாபகம் இருக்காது. பகல் முழுக்க தூக்கம், தலைவலி, எரிச்சல் மட்டும் மிச்சம். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் வரை கொண்டு போகும்.

இந்தியாவில் இந்த நோயின் பெயர் பரவலாகப் பேசப்பட்டது 2022 பிப்ரவரியில்தான். இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி தன் 69-வது வயதில் மும்பையில் காலமானார். அவருக்கு அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியாவும், திரும்பத் திரும்ப வந்த நெஞ்சுத் தொற்றும் இருந்ததாக டாக்டர்கள் தெரிவித்தனர்.

உங்களுக்கு இருக்குமா? 8 கேள்விகள்

உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் எளிய பட்டியல் இது:

- பக்கத்து அறைக்கே கேட்கும் அளவுக்கு குறட்டையா?
- பகலில் அடிக்கடி சோர்வா, தூக்கமா?
- தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
- ரத்த அழுத்தம் இருக்கிறதா?
- பிஎம்ஐ 35-க்கு மேலா?
- வயது 50-ஐத் தாண்டிவிட்டதா?
- கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா?
- ஆணா?

இதில் 3 அல்லது அதற்கு மேல் 'ஆமாம்' என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. மூன்றாவது கேள்விக்கு பதில் உங்களுக்குத் தெரியாது. வீட்டில் கூடப் படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் வேலை ஆபரேஷன் இல்லை, டெஸ்ட்

குறட்டையைக் காதால் கேட்டு நோயின் அளவைச் சொல்ல முடியாது. அதற்கு 'ஸ்லீப் ஸ்டடி' எடுக்க வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் கருவி பதிவு செய்யும். மருத்துவமனையில் தங்கியும் எடுக்கலாம். சிலருக்கு வீட்டிலேயே எடுக்கலாம்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்குக்கு ஏஎச்ஐ என்று பெயர். 5 முதல் 14 வரை லேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30 அல்லது அதற்கு மேல் தீவிரம். 30 என்றால் சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சுத் தடை ஏற்படுகிறது என்று அர்த்தம்!

இந்த எண் கையில் இல்லாமல் 'ஆபரேஷன் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால், முதலில் டெஸ்ட்டைக் கேளுங்கள்.

சிபாப் மெஷின் இருக்கும்போது ஆபரேஷன் எதுக்கு?

பெரியவர்களுக்கு நடுத்தர, தீவிர ஆப்னியா என்றால் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது சிபாப் மெஷின்தான். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்தால், மெஷின் அனுப்பும் காற்றழுத்தம் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் குழு 1981-ல் இதை உலகுக்குச் சொன்னது. மாட்டினால் அன்றைக்கு ராத்திரியே பலன் தெரியும்.

பிரச்சனை எங்கே? மாட்டணுமே! மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, வாய் உலர்கிறது, மாஸ்க் நழுவுகிறது என்று பலர் சில வாரங்களில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மெஷினும் மலிவு கிடையாது. பீரோவுக்குள் தூங்கும் மெஷினால் யாருக்கும் பலன் இல்லை.

ஆபரேஷன் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சிபாப் ஒத்துக்கொள்ளாத, பிஎம்ஐ 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை பற்றி நிபுணரிடம் பேசச் சொல்லலாம் என்று அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2021-ல் பரிந்துரைத்தது. அதற்கு முன் மாஸ்க் அளவை மாற்றிப் பார்ப்பது, எடை குறைப்பது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது, கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி ஆகியவற்றையும் முயற்சி செய்ய வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. டான்சில் பெரிதாக வளர்ந்து தொண்டையையே அடைத்திருந்தால், ஆபரேஷனை முதலிலேயே யோசிப்பார்கள்.

அடைப்பு எங்கே? தூங்க வைத்துப் பார்க்கும் டெஸ்ட்

அடைப்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்காது. ஒருவருக்கு உள்நாக்கு, இன்னொருவருக்கு நாக்கின் அடிப்பகுதி, வேறொருவருக்கு இரண்டுமே. விழித்திருக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தால் முழுசாகத் தெரியாது.

அதனால் மருந்து கொடுத்து லேசாகத் தூங்க வைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். எந்த இடம், எந்தப் பக்கமாக மூடுகிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடும். இந்த முறை 1991-ல் இங்கிலாந்தில் அறிமுகமானது. பூட்டு எங்கே என்று தெரிந்தால்தானே சாவியைத் தேட முடியும்!

என்னென்ன ஆபரேஷன்கள் இருக்கு?

1. மூக்கு: வளைந்த மூக்குத் தண்டைச் சரி செய்வது, வீங்கிய சதையைக் குறைப்பது. இதை மட்டும் செய்தால் ஏஎச்ஐ பெரிதாகக் குறையாது. ஆனால் மூச்சு விடுவது எளிதாகும், சிபாப் மாட்டுவது சுலபமாகும். 'மூக்கு ஆபரேஷன் பண்ணா ஆப்னியா போயிடும்' என்று எதிர்பார்த்துப் போய் ஏமாறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2. உள்நாக்கு, டான்சில்: டான்சிலை எடுத்து, தளர்ந்து தொங்கும் மென் அண்ணத்தைச் சீரமைப்பது. சுருக்கமாக யுபிபிபி. 1981-ல் அமெரிக்காவில் டாக்டர் ஃபுஜிடா குழு ஆப்னியாவுக்காக இதை அறிமுகம் செய்தது. எல்லோருக்கும் செய்தபோது, பாதிப் பேருக்குக்கூட போதிய பலன் இல்லை. 2002-ல் வெளியான ஃப்ரீட்மன் ஆய்வு காரணத்தைக் காட்டியது. டான்சில் பெரிதாகவும், நாக்கு தொண்டையை மறைக்காமலும் இருந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு வெற்றி. டான்சில் சிறிதாகவும் நாக்கு பெரிதாகவும் இருந்தவர்களில் வெறும் 8 சதவீதம்! ஆபரேஷன் ஒன்றுதான், ஆள்தான் வேறு. இப்போது சதையை நிறைய வெட்டி எடுக்காமல், தசையை இழுத்துத் தைக்கும் புதிய முறைகள் வந்துவிட்டன.

3. நாக்கின் அடிப்பகுதி: அங்குள்ள கூடுதல் சதையை ரேடியோ அலை கருவி அல்லது ரோபோ உதவியோடு குறைப்பது. பெரும்பாலும் உள்நாக்கு ஆபரேஷனோடு சேர்த்தே செய்வார்கள்.

4. தாடையை முன்னே நகர்த்துவது: மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து, சுமார் 10 மி.மீ. முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகடு போட்டு முடுக்குவார்கள். நாக்கும் அண்ணமும் கூடவே முன்னே வருவதால் தொண்டை முழுக்க விரியும். தாடை சிறிதாகப் பின்தள்ளி இருப்பவர்களுக்கு நல்ல பலன். தகுந்தவர்களுக்குச் செய்தால் 100 பேரில் சுமார் 85 பேருக்கு வெற்றி என்கின்றன ஆய்வுகள். ஆனால் பெரிய ஆபரேஷன். சில வாரங்களுக்குக் கஞ்சி, கூழ்தான். கீழ் உதடும் தாடையும் மரத்துப் போகலாம், முகத்தோற்றமும் சற்று மாறும்.

5. நாக்கு நரம்புக்கு 'பேஸ்மேக்கர்': நெஞ்சுத் தோலுக்கு அடியில் சிறிய கருவி வைப்பார்கள். மூச்சு இழுக்கும்போது அது நாக்கு நரம்பைத் தூண்ட, நாக்கு முன்னே நகர்ந்து வழி விடும். படுக்கும்போது ரிமோட்டில் ஆன் செய்தால் போதும். 126 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டில் ஏஎச்ஐ 29.3-ல் இருந்து 9 ஆகக் குறைந்தது. 2014-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை மிக அதிகம்; அண்ணப் பகுதி எல்லாப் பக்கமும் சுருங்கி மூடுபவர்களுக்கு இது வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

6. கழுத்தில் துளை: ட்ரக்கியாஸ்டமி. 1969-ல் ஆப்னியாவுக்காக முதலில் பதிவான ஆபரேஷன் இதுதான். அடைப்பையே சுற்றிக்கொண்டு போவதால் பலன் கிட்டத்தட்ட நிச்சயம். ஆனால் துளையோடு வாழ்வது கஷ்டம். வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான்.

7. எடை குறைப்பு ஆபரேஷன்: பிஎம்ஐ 35-க்கு மேல் உள்ளவர்களுக்கு இரைப்பை ஆபரேஷன் பற்றியும் பேசுவார்கள். கழுத்து, நாக்கில் உள்ள கொழுப்பு குறைவதால் ஆப்னியா குறையும். ஆனால் பலருக்கு முழுசாகப் போகாது. எடை குறைந்ததும் சிபாப்பைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

'வெற்றி' என்றால் என்ன? இதைக் கேட்காமல் கையெழுத்து போடாதீங்க

ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர்கள் சொல்லும் வழக்கமான அளவுகோல் இதுதான்: ஏஎச்ஐ பாதியாகக் குறைய வேண்டும், 20-க்குக் கீழேயும் வர வேண்டும். அதாவது 60 இருந்தது 18 ஆனால் அது வெற்றிக் கணக்கில் வரும். ஆனால் 18 என்பது இன்னமும் நடுத்தர ஆப்னியாதான்! 'வெற்றி' வேறு, 'முழு குணம்' வேறு.

இன்னொரு சிக்கல். ஆபரேஷனுக்குப் பிறகு குறட்டைச் சத்தம் நின்றுவிடலாம், ஆனால் மூச்சு நிற்பது தொடரலாம். சத்தம் இல்லாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் 3 முதல் 6 மாதத்துக்குள் மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுப்பது அவசியம். எடை கூடினால், வயது ஏறினால் நோய் திரும்பவும் வரலாம்.

ஆபத்துகள் என்ன?

தொண்டை ஆபரேஷனில் சுமார் 2 வாரம் கடுமையான வலி இருக்கும். ரத்தக்கசிவு ஏற்படலாம். வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துக்கூட ரத்தம் வரலாம், அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்குக் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வரும், குரல் மாறும், தொண்டையில் ஏதோ சிக்கிய உணர்வு இருக்கும்.

முக்கியமான விஷயம்: மயக்க மருந்தும் சில வலி மருந்துகளும் ஆப்னியாவை அதிகப்படுத்தும். கண், குடலிறக்கம், மூட்டு என்று வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், ஸ்லீப் ஆப்னியா இருப்பதை மயக்கவியல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சிபாப் மெஷினையும் கையோடு கொண்டு போங்கள்.

திருவண்ணாமலையில் எங்கே ஆரம்பிப்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, நுரையீரல் மருத்துவரிடமோ தொடங்கலாம். அடுத்தகட்ட சிகிச்சைக்கு இந்த ஊர் மக்கள் வழக்கமாகப் போகும் வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், சென்னை மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், ஆபரேஷனின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி, அட்மிட் ஆவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

- என் ஏஎச்ஐ எவ்வளவு?
- எனக்கு அடைப்பு எந்த இடத்தில்?
- என் உடல் அமைப்பில் இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்?
- பலன் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?
- மறுபடி ஸ்லீப் ஸ்டடி எப்போது?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்கும் வரை அவசரப்பட வேண்டாம். ஆனால் நோயைத் தள்ளிப் போடவும் கூடாது. டெஸ்ட் எடுத்து சிகிச்சை தொடங்கும் வரை, பகலில் தூக்கம் சொக்குகிறவர்கள் ராத்திரி நேர டிரைவிங்கைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அது அவர்களுக்கு மட்டுமில்லை, வண்டியில் வருபவர்களுக்கும், எதிரே வருபவர்களுக்கும்தான்.