எலும்பை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா?

செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மீட்கப்பட்ட பொருட்கள் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்த வாரம் வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, அந்தப் படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் 1996இல் யாழ்ப்பாணத்தில் பிடித்துச் செல்லப்பட்டவர். “எலும்பைப் பாத்து ஆரெண்டு சொல்லேலுமே பிள்ளை?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. அதன் பிறகு தேடி அறிந்துகொண்டதை அவரைப் போன்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மண்ணையும் வாசிக்க வேண்டும்

1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஒரு தொன்மையான ஈமப் புதைப்பை அகழ்ந்தார்கள். எலும்புக்கூட்டின் அருகே கிடைத்த முத்திரை இன்றும் பேசப்படுகிறது. எலும்பு எந்த மண்படையில், எந்த நிலையில், எந்தப் பொருளோடு கிடந்தது என்று பதிவு செய்ததால்தான் அதற்கு அந்தப் பெறுமதி கிடைத்தது. மனிதப் புதைகுழியிலும் இதே முறைதான். பெக்கோ இயந்திரத்தால் அள்ளிவிட்டால் எந்தக் கை யாருடையது, எந்தச் சட்டை எவருடையது என்ற தொடர்பு அறுந்துவிடும். அதனால்தான் நீதவானின் மேற்பார்வையில், சட்ட வைத்திய அதிகாரியோடு தொல்லியலாளரும் குழிக்குள் இறங்குகிறார்.

எலும்பு சொல்வது

இடுப்பெலும்பும் மண்டையோடும் ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் காட்டும். பருவமடையாத பிள்ளைகளில் இதை எலும்பை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளின் வயதைப் பற்களின் வளர்ச்சி சொல்லும். இளைஞர்களில் காறை எலும்பின் உள்முனை இருபதுகளின் பிற்பகுதி வரை முழுமையாக ஒட்டாமல் இருக்கக்கூடும். அதனால் அதுவும் வயதைக் கணிக்க உதவும். தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கலாம். உயிரோடிருந்தபோது முறிந்து பொருந்திய எலும்புக்கும், இறக்கும் வேளையில் உடைந்த எலும்புக்கும் வேறுபாடு தெரியும்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் ‘ஏறத்தாழ இருபது வயது ஆண், முன்பு கை முறிந்தவர்’ என்ற அளவுக்கே வரும். பெயர் வராது.

காலம் என்ற சிக்கல்

எப்போது புதைக்கப்பட்டார்கள் என்பதில்தான் சர்ச்சை அதிகம். 2012இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அவற்றை 1986–1990 காலத்துக்குரியவை என்றார். ஜனாதிபதி ஆணைக்குழுவோ, வெளிநாட்டு ஆய்வுகூட முடிவை வைத்து 1950க்கு முந்தியவை என்றது. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் மீட்கப்பட்டன. புளோரிடாவுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளின் முடிவு அவை பல நூற்றாண்டுகள் பழையவை என்று சொன்னது. ஒரு சில மாதிரிகளை வைத்து முழுக் குழிக்கும் காலம் சொல்லலாமா என்று குடும்பங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கார்பன் பரிசோதனை பழங்கால எலும்புக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பனை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அதன் பின் வாழ்ந்தவர்களின் எலும்பிலும் பல்லிலும் அந்த அடையாளம் பதிந்திருக்கும். ஆனால் முடிவை எப்போதும் மண்படையோடும் பொருட்களோடும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கும்போது வெளிப்பட்ட கொக்குத்தொடுவாய்க் குழியில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அங்கே கிடைத்த சீருடைகளும் இலக்கத் தகடுகளும் காலத்தையும் ஆட்களையும் நெருங்க உதவின.

பெயர் எங்கிருந்து வரும்?

டி.என்.ஏ. ஒப்பீட்டிலிருந்து. பழைய எச்சங்களில் கடைவாய்ப் பல், தொடை எலும்பு, காதைச் சூழ்ந்த அடர்ந்த எலும்பு ஆகியவற்றில் டி.என்.ஏ. நிலைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஒப்பிட உறவினரின் இரத்தமோ உமிழ்நீரோ வேண்டும். தாய், தந்தை, பிள்ளைகளின் மாதிரி மிகச் சிறந்தது. உடன்பிறந்தாரின் மாதிரியும் உதவும். தூரத்து உறவில் பலம் குறையும்.

பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் 1995இல் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் பலரின் உடல்கள் இயந்திரங்களால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றப்பட்டன. ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் கிடைத்தன. இருந்தும் பெரும்பாலானோருக்குப் பெயர் கிடைத்தது. உறவினர்கள் கொடுத்த பல்லாயிரம் இரத்த மாதிரிகள்தான் அதற்குக் காரணம்.

செம்மணியில் 1999இல் எடுக்கப்பட்ட 15 உடல்களில் இரண்டே அடையாளம் காணப்பட்டன. 2025இல் 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் வெளிவந்துள்ளன. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. ஆனால் எலும்புக்காகக் காத்திருந்த தாய்மாரில் பலர் இறந்துவிட்டார்கள். அவர்களோடு மாதிரியும் போய்விட்டது. குழிகளைத் தோண்டுவதற்கு நிதி கேட்கும் அதே குரலில், உறவினரின் மாதிரிகளை முறையாகச் சேகரித்துப் பாதுகாக்கும்படியும் நாம் கேட்க வேண்டும்.

இது வடக்கோடு முடிகிற விடயமும் அல்ல. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்கள் கோட்டையைத் தாண்டித்தான் போகிறோம். 2024 ஜூலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய செயலக வளாகத்தில் கட்டுமான வேலையின்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2008–2009இல் கொழும்பிலும் அண்டிய இடங்களிலும் கடத்தப்பட்ட 11 பேரின் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. அந்தக் குழி யாருடையது என்று எவரும் ஊகத்தில் சொல்லக் கூடாது. ஆனால் காத்திருப்பவர்களால் அந்த இடத்தைச் சும்மா கடந்து போக முடியாது.

இப்போதே செய்யக்கூடியது

காணாமலாக்கப்பட்டவரின் உயரம், முறிந்த எலும்பு, கட்டிய அல்லது பிடுங்கிய பல், செய்த சத்திரசிகிச்சை, கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு, செருப்பின் அளவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். சிரிக்கும்போது முன்பல் தெரியும் படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பல் வைத்தியரின் துண்டு, எக்ஸ்ரே எதையும் எறியாதீர்கள். அதன் பிரதி ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்.

போன கிழமை அந்த அம்மாவிடம் போய் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேத்தியின் அப்பியாசக் கொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். “எழுதும் பிள்ளை. இடது கை. எட்டாம் வகுப்பிலை சைக்கிளாலை விழுந்தவன்.”